நோட்டீஸில் இருப்பது அரை ரூமின் விலை

கேள்வி: "கரூரில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 62, கணவர் இல்லை. காசி, பிரயாகை, கயா, அயோத்தி என்று 11 நாள் யாத்திரைக்கு ஒரு டூர்காரரிடம் விசாரித்தேன். நோட்டீஸில் ஆளுக்கு 29,500 ரூபாய் என்று போட்டிருக்கிறது. பெயர் கொடுக்கப் போனால், 'தனியாகவா வர்றீங்க? அப்படின்னா 13,500 சேர்த்துக் கட்டணும்' என்கிறார். நான் சாப்பிடுவது ஒரு இலை, படுப்பது ஒரு கட்டில். எதற்கு இந்தக் கூடுதல்? இது நியாயம்தானா? குறைக்க வழி இருக்கிறதா?"

டீச்சர், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கூடுதல் பணத்தை வாங்கும் பக்கத்தில் இருபத்துமூன்று வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். திருச்சியில் சின்னதாக ஒரு டிராவல்ஸ் வைத்திருந்தேன். வருடத்துக்கு நாலு காசி, ஒரு சார்தாம், நடுநடுவே ஊட்டி, மூணார். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து உங்களுடைய 'ஒரு இலை, ஒரு கட்டில்' கேள்வியைக் கேட்டவர்கள் நிறையப் பேர். 'ஹோட்டல்காரன் கேக்கிறான்மா, நான் என்ன செய்யட்டும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அது பாதி உண்மை. கடையை மூடியாகிவிட்டது, மீதிப் பாதியையும் இப்போது சொல்லலாம்.

பஸ்ஸில் விற்பது சீட். ரயிலில் பெர்த். மெஸ்ஸில் இலை. இந்த மூன்றிலும் நீங்கள் தனியாகப் போனால் ஒரு பங்கு, குடும்பத்தோடு போனால் நாலு பங்கு. ஹோட்டலில் விற்பது ஆளுக்கான இடம் இல்லை, ரூம். ஒருவர் படுத்தாலும் இரண்டு பேர் படுத்தாலும் விரிப்பு மாற்ற வேண்டும், பாத்ரூம் கழுவ வேண்டும், ஏசி ஓடும், அன்றைக்கு அந்த ரூமை வேறொருவருக்குக் கொடுக்க முடியாது. இரண்டாவது ஆளால் ஹோட்டலுக்குக் கூடுகிற செலவு ஒரு துண்டு, ஒரு சோப்பு, ஒரு தண்ணீர் பாட்டில், காலை டிபன் உண்டென்றால் நாலு இட்லி. அவ்வளவுதான். அதனால்தான் ஒரு ஆளுக்கு ரூம் கேட்டால் அவர்கள் பாதி வாடகை போடுவதில்லை.

சிக்கல் டூர்காரரிடம் ஆரம்பிக்கிறது. அவர் ரூமை ரூமாக வாங்குகிறார், உங்களுக்கு ஆள் கணக்கில் விற்கிறார். 29,500 என்பது இரண்டு பேர் ஒரு ரூமில் தங்குவார்கள் என்று வைத்துப் போட்ட விலை. நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் 'ட்வின் ஷேரிங்' என்று இருக்கும், பாருங்கள். அதாவது உங்களுக்குச் சொன்ன விலைக்குள் இருப்பது அரை ரூம். மீதி அரை ரூமுக்கு ஆள் இல்லை என்றால் அதையும் உங்கள் தலையில் வைக்கிறார். இதைத்தான் தொழிலில் 'சிங்கிள் சப்ளிமென்ட்' என்கிறோம். இது தனியாக வருகிறவர்களுக்குப் போடும் அபராதம் என்று பலர் வருத்தப்படுகிறார்கள். அப்படி இல்லை. ஆனால் அந்த அரை ரூமின் விலையை அவர் எவ்வளவு என்று போடுகிறார் என்பதில்தான் விளையாட்டே இருக்கிறது.

வாருங்கள், உங்கள் 13,500-ஐப் பிரித்துப் பார்ப்போம். பதினொரு நாள் யாத்திரை என்றால் பத்து இரவு. நம் பக்கத்திலிருந்து காசிக்குப் போக ரயிலில் இரண்டு இரவு, திரும்ப இரண்டு இரவு. ஆக ஹோட்டலில் தங்குவது ஆறு இரவுதான். பலர் மொத்த நாளால் வகுத்துப் பார்த்து 'ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறுதானே' என்று சமாதானம் ஆகிவிடுகிறார்கள். ரயிலில் உங்களுக்கு யாரும் அரை ரூம் கொடுக்கவில்லை! ஆறால் வகுங்கள். ஒரு இரவுக்கு 2,250 வருகிறது. அரை ரூம் 2,250 என்றால் முழு ரூம் 4,500. அவர் உங்களைத் தங்க வைக்கப் போவது 4,500 ரூபாய் ஹோட்டலா? ஹோட்டல் பெயரை வாங்கி, இணையத்தில் அதே தேதிக்கு என்ன வாடகை என்று பேரனையோ பேத்தியையோ விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். குழுவாக எடுக்கிறவருக்கு அதைவிடவும் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். சும்மா ஒரு கணக்குக்கு, ரூம் 2,400 என்று வைத்துக்கொள்வோம். பாதி 1,200, ஆறு இரவுக்கு 7,200, டூருக்கு உண்டான 5 சதவீத ஜிஎஸ்டி 360. மொத்தம் 7,560. அப்படியானால் உங்களிடம் கேட்ட 13,500-ல் கிட்டத்தட்ட ஆறாயிரம் ரூபாய்க்குக் கணக்கே இல்லை.

ஒரு எச்சரிக்கை. நாலு ஊருக்கும் ஒரே வாடகை வைத்துப் போடாதீர்கள். அயோத்தியில் 2024 ஜனவரியில் கோயில் பிரதிஷ்டை ஆனதிலிருந்து ரூம் வாடகை பழைய அயோத்தியாக இல்லை. காசியில் கார்த்திகைப் பௌர்ணமி, தேவ் தீபாவளி சமயத்தில் கங்கைக் கரைப் பக்கம் எந்த ரூமும் சொன்ன விலைக்குக் கிடைக்காது. கயாவில் மகாளய பட்சம் பதினைந்து நாளும் அப்படித்தான். உங்கள் தேதி இவற்றில் ஒன்றோடு மோதினால், அவர் கேட்கும் தொகை நியாயமாகவே கூடுதலாக இருக்கலாம். அதையும் பார்த்துவிட்டுச் சண்டைக்குப் போங்கள்.

இதில் இன்னொன்று. சாப்பாடு, ரயில் டிக்கெட், உள்ளூர் பஸ், படகு, புரோகிதர், எதுவும் நீங்கள் தனி ஆள் என்பதால் கூடுவதில்லை. நம்மூர் யாத்திரைக் குழுக்களில் சமையல்காரரே பாத்திரபண்டத்தோடு கூட வருகிறார். அவர் போடுவது இலைக்கணக்குச் சாப்பாடு. அதனால் கூடுதல் என்று வந்தால் அது ரூமில் மட்டும்தான் வர வேண்டும். 'எல்லாத்துலயும் செலவு கூடும்மா' என்று டூர்காரர் சொன்னால், எதில் எவ்வளவு என்று டீச்சர் குரலிலேயே கேளுங்கள். தடுமாறுவார்.

சரி, டூர்காரர் ஏன் அதிகம் வைக்கிறார்? பேராசை மட்டும் காரணமில்லை. முப்பது பேர் வருகிறார்கள், பதினைந்து ரூம் என்று பேசி முன்பணம் கட்டியிருப்பார். முப்பத்தோராவது ஆளாக நீங்கள் வந்தால் பதினாறாவது ரூம். நாலு ஊரிலும் ஒவ்வொரு ரூம் கூடுதலாகப் பிடிக்க வேண்டும், கூட்ட நாளில் அது பேசிய விலைக்குக் கிடைக்காது. அந்தப் பயத்துக்கும் ஒரு தொகையைச் சேர்த்துத்தான் சொல்வார். நானும் சேர்த்திருக்கிறேன். ஆனால் அவர் சொல்லாத வரவு ஒன்றும் உண்டு. யாத்திரைக் குழுக்களில் மூன்று பேரை ஒரு ரூமில் போடுவது சகஜம். அக்கா, தங்கை, கூட ஒரு பெரியம்மா என்று வருவார்கள். மூன்றாவது ஆளுக்கு ஹோட்டல் வாங்குவது எக்ஸ்ட்ரா பெட் காசு மட்டும். அது அரை ரூமைவிடக் குறைவு. ஆனால் மூன்று பேரிடமும் டூர்காரர் வாங்குவது பெரும்பாலும் அதே 29,500. போதாததற்கு, பத்துப் பதினைந்து ரூமுக்கு மேல் எடுத்தால் ஒரு ரூமைச் சும்மா கொடுக்கும் ஹோட்டல்களும் உண்டு. அதில் மேனேஜரும் சமையல்காரரும் படுப்பார்கள். அதனால் தனி ஆளால் அவருக்குப் பெரிய நஷ்டம் என்று நினைத்து இரக்கப்பட வேண்டியதில்லை. மூன்று பேர் ரூமில் மிச்சமானது தனி ஆளின் ரூமில் செலவாகிறது, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைப் பாராட்டிச் சொல்ல வேண்டும். உம்ராவுக்கு ஆள் அனுப்புகிற டிராவல்ஸ் நோட்டீஸை எப்போதாவது பாருங்கள். நாலு பேர் ஷேரிங் இவ்வளவு, மூன்று பேர் என்றால் இவ்வளவு, இரண்டு பேர் என்றால் இவ்வளவு என்று ஏணி மாதிரி அடுக்கிப் போட்டிருப்பார்கள். மக்காவில் ரூம் வாடகைதான் பெரிய செலவு, அதில் ஒளிக்க முடியாது என்பதால் வந்த பழக்கம். ஐஆர்சிடிசி டூர்களிலும் ஒருவர், இருவர், மூவர் என்று தனித்தனிக் கட்டணம் போடுகிறார்கள். காசி யாத்திரைக்காரர்கள் மட்டும் இன்னும் ஒரே ஒரு விலையை அச்சடித்துவிட்டு, தனி ஆள் வந்து நின்ற பிறகு மனக்கணக்குப் போடுகிறார்கள். உங்களிடம் சொன்ன 13,500 அப்படி வாயில் வந்த எண்ணாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். முழு ஆயிரமாகவோ ஐந்நூறாகவோ முடிகிற எண்ணைப் பார்த்தாலே எனக்கு அப்படித்தான் தோன்றும்.

அடுத்து, குறைக்கும் வழி. எளிதானது, உங்களைப் போலத் தனியாக வரும் இன்னொரு பெண்ணோடு ரூமைப் பகிர்வது. காசிக் குழுவில் அப்படி ஒருவராவது இல்லாமல் இருக்க மாட்டார். முப்பது பேரில் நாலைந்து பேர் துணையை இழந்தவர்கள், பெரும்பாலும் பெண்கள். 'கூட ஒரு லேடி இருந்தா சேர்த்துப் போடுங்க' என்று சொல்வதோடு நிறுத்தாதீர்கள். கேட்க வேண்டிய கேள்வி வேறு: 'ஆள் கிடைக்காவிட்டால் அந்தச் செலவு யாருடையது?' சில டூர்காரர்கள், 'நீங்கள் பகிரத் தயார் என்று சொல்லிவிட்டீர்கள், ஆள் பிடிப்பது என் பொறுப்பு, கிடைக்காவிட்டாலும் கூடுதல் கேட்க மாட்டேன்' என்பார்கள். சிலர் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு போன் செய்து 'யாரும் கிடைக்கலைம்மா, 13,500 கட்டிருங்க' என்பார்கள். அந்த நேரத்தில் பெட்டி கட்டியிருப்பீர்கள், சம்பந்தி வீட்டுக்கெல்லாம் சொல்லியிருப்பீர்கள், கட்டித்தான் ஆக வேண்டும். அதனால் முன்பணம் கொடுக்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பகிர்வதில் ஆறுதலும் உண்டு, அவஸ்தையும் உண்டு. என் குழுவில் ஒரு தடவை இரண்டு அம்மாக்களைச் சேர்த்துப் போட்டேன். ஒருவர் மூன்று மணிக்கே எழுந்து விளக்கைப் போட்டு சஹஸ்ரநாமம் ஆரம்பிப்பார். இன்னொருவர் பதினோரு மணிக்குப் படுத்தால் ஜன்னல் அதிரக் குறட்டை. பிரயாகையில் இருவரும் தனித்தனியாக என்னிடம் வந்து, தனித்தனியாக, 'அவங்க ரொம்ப நல்லவங்கதான், ஆனா...' என்று ஆரம்பித்தார்கள். கயாவில் ஒரு ரூம் கூடுதலாகப் பிடித்து, செலவை என் கையிலிருந்து போட்டேன். அதற்குப் பிறகு பெயர் எழுதும்போதே 'எத்தனை மணிக்கு எழுந்திருப்பீங்க, குறட்டை உண்டா' என்று கேட்க ஆரம்பித்தேன். சிரிப்பார்கள், ஆனால் உண்மையைச் சொல்வார்கள். உங்கள் டூர்காரர் கேட்கவில்லை என்றால் நீங்களே அந்த அம்மாவின் நம்பரை வாங்கி முன்கூட்டியே ஒரு முறை பேசிவிடுங்கள். ஒத்து வராது என்று தோன்றினால் அப்போதே விலகிக்கொள்ளலாம்.

இல்லாவிட்டால் இரண்டு பெண்கள் இருக்கும் ரூமில் மூன்றாவதாகச் சேர்வது. எக்ஸ்ட்ரா பெட் என்பது பெரும்பாலும் தரையில் போடும் மெத்தைதான். முழங்கால் வலி இருந்தால் வேண்டாம். மூன்று பேருக்கு ஒரு பாத்ரூம் என்பதும், விடியற்காலை நாலு மணிக்குக் கங்கா ஸ்நானத்துக்குக் கிளம்பும் குழுவில், லேசான விஷயம் இல்லை.

யாத்திரை இல்லாமல் நீங்களாக ஊட்டி, மூணார் பக்கம் போகும்போது கணக்கே வேறு. அங்கே ஹோட்டல்காரர்கள் 'சிபி', 'எம்ஏபி' என்று பேசுவார்கள். 'இபி' என்றால் ரூம் மட்டும். 'சிபி' என்றால் காலை டிபனோடு. 'எம்ஏபி' என்றால் டிபனும் ஒரு வேளைச் சாப்பாடும், பெரும்பாலும் இரவுச் சாப்பாடு. 'ஏபி' என்றால் மூன்று வேளையும். இபி விலையில் தனி ஆளுக்குக் குறைப்பு கேட்பதில் பெரிய பலன் இல்லை, ரூம் ரூம்தான். சிபியில் ஒருவரின் டிபன் காசு குறைய வேண்டும். எம்ஏபியில் இரண்டு வேளைச் சாப்பாடு குறைகிறது, மலை ஹோட்டலில் அது சில்லறைக் காசு இல்லை. இருந்தும், இருவருக்குப் போட்ட எம்ஏபி விலையை அப்படியே தனி ஆளிடமும் வாங்கும் ஹோட்டல்கள் நிறைய. 'ஒருவருக்கு எம்ஏபி எவ்வளவு' என்று கேட்டால் உடனே குறைத்துச் சொல்வார்கள். கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்கள். இணையத்தில் பதிவு செய்யும்போதும் இதே கதைதான். பல தளங்களில் தேடும் கட்டத்தில் முதலிலேயே 'இரண்டு பெரியவர்கள்' என்று நிரப்பியிருக்கும். அதை ஒன்று என்று மாற்றினால் சில ஹோட்டல்களில் விலை இறங்கும், சிலவற்றில் அசையாது. மாற்றிப் பார்ப்பதற்குக் காசா பணமா?

வரியும் ரூமுக்குத்தான். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள ரூமுக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 18. எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று அரசாங்கமும் கேட்பதில்லை.

அந்தமான் போல கார் வைத்துச் சுற்றும் இடங்களில் தனி ஆளுக்குச் சொல்லும் விலை சில சமயம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகவே வரும். அதற்கு ரூமை மட்டும் குறை சொல்ல முடியாது. இருவர் பகிர வேண்டிய காரும், டிரைவர் பேட்டாவும் உங்கள் ஒருவர் கணக்கில் வருகின்றன. ரூமைத் தனியாகவும் வண்டியைத் தனியாகவும் விலை கேளுங்கள். வண்டி விலைதான் கொல்கிறது என்றால் வண்டியை மட்டும் விட்டுவிட்டு, தீவுகளுக்குப் போகும் கப்பலில் சீட் எடுத்து, ஆட்டோவில் போகலாம். கப்பலில் விற்பது ஆளுக்கு ஒரு சீட்தானே.

அப்புறம் வெளிநாடு. நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் காசி போய் வந்தவர்கள் அடுத்த வருடம் மகனைப் பார்க்கப் பறப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜெர்மனி, ஆஸ்திரியா, இங்கிலாந்து போன்ற இடங்களில் பழைய ஹோட்டல்களில் உண்மையான ஒற்றை அறைகள் உண்டு. ஒரு ஒடுக்கமான கட்டில், ஒரு மேசை, கொஞ்சம் சுவர். இருவர் அறையைவிட மலிவு, ஆனால் பாதி விலை இல்லை. 'இருவர் அறை, ஒருவர் உபயோகத்துக்கு' என்று போட்டிருந்தால் அது வேறு. கட்டில் பெரிது, விலையும் பெரிது. அமெரிக்காவின் மோட்டல்களில் ஒருவருக்கும் இருவருக்கும் பெரும்பாலும் ஒரே விலை, பேசிப் பயனில்லை. ஜப்பான் தனி ஆளுக்கு நல்ல தேசம். வேலையாக ஊர் ஊராகப் போகிற ஆபீஸ் ஆட்களுக்கென்றே சின்ன ஒற்றை அறை ஹோட்டல்கள் ஊருக்கு ஊர். ஆள் படுக்கும் அளவுக்கு மட்டும் பெட்டி மாதிரி இடம் கொடுக்கும் கேப்சூல் ஹோட்டல் 1979-ல் ஒசாகாவில்தான் பிறந்தது. நம் மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனிலும் 2021 நவம்பரில் அதே மாதிரி ஒன்று திறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், அதே ஜப்பானின் பாரம்பரிய விடுதியான ரியோகானில் விலை ஆள் கணக்கில்தான், இரண்டு வேளைச் சாப்பாட்டோடு. அப்படியானால் தனி ஆளுக்கு வசதி என்று நினைப்போம். கூட்ட நாட்களில் பல ரியோகான்கள் தனி ஆளை ஏற்பதே இல்லை. இரண்டு ஆள் காசு வர வேண்டிய அறையில் ஒரு ஆள் காசு வருவதை அவர்கள் விரும்புவதில்லை.

சுற்றுலாக் கப்பல்களில் இது உச்சம். கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்துத்தான் விலை, தனியாகப் போனால் பல கப்பல்களில் இருவருக்கான கட்டணத்தையே கட்டச் சொல்வார்கள். கப்பல்காரருக்கு ரூமைவிட அதில் வருகிறவர் செலவழிக்கும் காசுதான் முக்கியம், ஒரு கேபினில் ஒரு ஆள் என்றால் அதுவும் பாதி. 2010-ல் வந்த 'நார்வீஜியன் எபிக்' கப்பலில் தனி ஆட்களுக்கென்றே 128 சின்ன கேபின் வைத்தார்கள். துறைமுகக் கட்டணமும் வரியும் ஆள் கணக்கு என்பதால், அவற்றை மட்டும் இரண்டு பங்கு வாங்கக் கூடாது. பில்லில் அதைப் பாருங்கள்.

பணம் கூடுதலாகக் கேட்பதைவிட மோசமான ஒன்று இருக்கிறது: ரூமே இல்லை என்பது. கடையை மூடிய பிறகு ஒரு கோயில் ஊருக்குத் தனியாகப் போனேன், ஊர் பெயர் வேண்டாம். ராத்திரி ஒன்பது மணி. முதல் லாட்ஜில், 'எத்தனை பேர் சார்?' 'ஒருத்தர்தான்.' 'ரூம் இல்ல சார்.' பின்னால் சாவிப் பலகையில் பாதிச் சாவி தொங்குகிறது. இரண்டாவது இடத்திலும் அப்படியே. மூன்றாவது இடத்தில் ஒரு பெரியவர் மட்டும் காரணத்தைச் சொன்னார்: 'தனி ஆளா வந்து ரூமுக்குள்ள ஏதாவது பண்ணிக்கிட்டா போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் அலையறது தம்பி?' அறுபது வயதில் தம்பி என்று கூப்பிட்டது ஒன்றுதான் அன்றைக்கு ஆறுதல். ஊரிலிருக்கும் மகனுக்கு போன் போட்டுக் கொடுத்து, அவன் பேசிய பிறகு ரூம் கிடைத்தது. இருபத்துமூன்று வருடம் ஊருக்கே ரூம் போட்டுக் கொடுத்தவனுக்கு!

திருமலையிலும் தேவஸ்தானம் தனி ஆளுக்கு அறை ஒதுக்குவதில்லை. யாத்ரிகர்களுக்கான பொதுக் கூடங்களில் இலவச லாக்கர் கிடைக்கும், அங்கேயே படுத்துக்கொள்ளலாம். ஒரு இரவுதானே என்றால் அது மோசமில்லை. தனியாகப் போகிற பெண்கள் எங்கே போனாலும் ஒன்று செய்யுங்கள். முன்பதிவு செய்யும்போதே போனில் 'தனியாக வருகிறேன், இத்தனை வயது, ஆதார் இருக்கிறது' என்று சொல்லி, சரி என்ற பிறகு பணம் கட்டுங்கள். வாசலில் போய் நின்று வாதாடுவது பகலில் வேண்டுமானால் சரி வரும்.

ஆள் கணக்கில் இடம் கொடுப்பது நமக்கொன்றும் புதிது இல்லை. சத்திரம் என்பதே அதுதான். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோஜி 19ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கட்டிய முக்தாம்பாள் சத்திரம் இன்னும் நிற்கிறது. ராமேசுவரத்துக்கு நடந்து போகிறவன் தனி ஆளா, குடும்பியா என்று அங்கே யாரும் கூடுதல் காசு கேட்டிருக்க மாட்டார்கள். எத்தனை இலை போட வேண்டும் என்று மட்டும் கேட்டிருப்பார்கள். காசியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இன்றைக்கும் நடக்கிறது. முன்கூட்டியே பேசிவிட்டுப் போனால் தங்க இடமும் நம்மூர்ச் சாப்பாடும் கிடைக்கும். திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் முன்பே எழுதிக் கேட்டால் சில நாள் தங்க இடம் தருவார்கள், வாடகை கிடையாது, தனி ஆள் என்பதும் அங்கே குறையில்லை. கன்னியாகுமரி விவேகானந்தபுரத்தில் அறைகளோடு டார்மிட்டரியும் உண்டு. இமயமலைப் பக்கம் போனால் உத்தராகண்ட் அரசின் சுற்றுலா நிறுவனமான கர்வால் மண்டல் விகாஸ் நிகம் விடுதிகளில் டார்மிட்டரிப் படுக்கை கிடைக்கும். பெரிய ரயில்வே ஸ்டேஷன்களில் ரிட்டயரிங் ரூமோடு டார்மிட்டரியும் இருக்கும், டிக்கெட்டின் பிஎன்ஆர் நம்பர் இருந்தால் ஒரு படுக்கை மட்டும் எடுக்கலாம். சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கும் ஒய்டபிள்யூசிஏ விடுதியும் தனியாக வரும் பெண்களுக்கு நல்ல இடம். இளசுகளுக்கு ஜோஸ்டல் மாதிரி ஹாஸ்டல்கள் இருக்கின்றன, பெண்களுக்குத் தனி டார்மிட்டரியோடு. வயதானவர்களைச் சேர்ப்பார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சேர்த்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு கிடார் வாசிப்பார்கள், மேல் கட்டிலுக்கு ஏணியில் ஏற வேண்டியிருக்கும். கீழ்க் கட்டில் வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இனி உங்கள் விஷயம். டூர்காரரிடம் போய் 13,500-ஐக் குறைத்துக் கொடுங்கள் என்று ஆரம்பிக்காதீர்கள். 'குறைத்துக் கொடுங்கள்' என்றால் ஐந்நூறு குறைத்துவிட்டுப் பெரிய சலுகை செய்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வார். நாலு ஊரிலும் எந்த ஹோட்டல், எத்தனை இரவு, ஒரு ரூமுக்கு என்ன வாடகை என்று கேளுங்கள். 'ஹோட்டல் இன்னும் முடிவாகலைம்மா' என்றால், முடிவாகாத ஹோட்டலுக்கு 13,500 எப்படி வந்தது என்று கேளுங்கள். பாதி வாடகையும் வரியும், அதற்கு மேல் அவருக்கு ஓர் ஐந்நூறு, ஆயிரம் சேர்த்துக் கொடுத்தால் தப்பில்லை. நான் மேலே போட்ட உதாரண வாடகைதான் என்றால் 8,500-க்கு மேல் ஒரு ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். அப்படியும் இறங்கி வராவிட்டால், பகிர்ந்துகொள்ளத் தயார் என்று பெயர் கொடுத்துவிட்டு, ஆள் கிடைக்காவிட்டால் கூடுதல் கேட்பதில்லை என்பதை எழுதி வாங்குங்கள். இரண்டுக்கும் மறுக்கிறார் என்றால் கரூரிலிருந்து திருச்சியும் ஈரோடும் பக்கம்தான், அங்கேயும் காசிக்குக் கூட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பணம் முடிந்த கையோடு ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள். முழு ரூமுக்குக் காசு கட்டியிருக்கிறீர்கள், அது முழு ரூமாகவே இருக்க வேண்டும். தனி ஆள் என்றால் படிக்கட்டுக்கு அடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத ரூமைத் தள்ளிவிடுவது ஹோட்டல்காரர்களின் பழைய வழக்கம். கீழ்த் தளம் அல்லது லிஃப்ட் இருக்கும் மாடி, வெந்நீர் வரும் பாத்ரூம், வெஸ்டர்ன் டாய்லெட், மற்றப் பெண்கள் தங்கும் அதே வராந்தா. சாவி வாங்கியதும் பெட்டியை உள்ளே வைக்குமுன் ஒரு தடவை குழாயைத் திறந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அப்போதே மாற்றச் சொல்லுங்கள், மறுநாள் காலையில் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.